தெருவோரக் கன்று பிழைக்க வேண்டுமானால்...

பள்ளிக்குப் போகும் வழியில் சாலையோரத்தில் வரிசையாக இரும்புக் கூண்டுகள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நாளைக் காலையில் ஒரு நிமிடம் நின்று ஒவ்வொன்றுக்குள்ளும் எட்டிப் பாருங்கள். ஒரு கூண்டில் புங்கங்கன்று பளபளவென்று தளிர்விட்டு நிற்கும். அடுத்ததில் காய்ந்த குச்சி ஒன்று மட்டும் இருக்கும். அதற்கடுத்ததில் அந்தக் குச்சியும் இருக்காது. தேநீர் குடித்து எறிந்த கோப்பைகளும் பழைய பிளாஸ்டிக் பைகளும்தான் கிடக்கும்.

இத்தனைக்கும் இந்த மூன்று கன்றுகளும் ஒரே நாற்றங்காலில் வளர்ந்து, ஒரே நாளில், ஒரே விழாவில் நடப்பட்டவையாக இருக்கலாம். அப்படியானால் ஒன்று மட்டும் பிழைத்தது எப்படி? "நட்டவருக்குக் கைராசி" என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால், பிழைத்த கன்றுக்கு எதிரே உள்ள வீட்டிலோ கடையிலோ விசாரித்துப் பாருங்கள். யாரோ ஒருவர் கோடை முழுவதும் அதற்குத் தண்ணீர் ஊற்றியிருப்பார். நட்டவர் ஒருவர், காத்தவர் வேறொருவர்! சாலையோர மரத்தின் வாழ்வும் சாவும் இந்தக் காப்பவர் கையில்தான் இருக்கின்றன.

இது வெறும் உபதேசமன்று. நியூயார்க் நகரில் 1999 முதல் 2003 வரை தெருவோரம் நடப்பட்ட மரங்களுள் 13,405 மரங்களைப் பொறுக்கியெடுத்து, 2006, 2007ஆம் ஆண்டுகளின் கோடைக் காலங்களில் நேரில் சென்று ஆராய்ந்தார்கள். 100க்கு 74 மரங்களே உயிரோடு இருந்தன. மிகுதியான சாவு நட்ட முதல் சில ஆண்டுகளிலேயே நேர்ந்திருந்தது. வீடுகள் உள்ள தெருக்களில் 100க்கு 83 மரங்கள் பிழைத்திருக்க, தொழிற்சாலைப் பகுதிகளிலும் காலி மனைகளின் ஓரத்திலும் 60 முதல் 63 வரையே பிழைத்திருந்தன. மனிதர்கள் நேரடியாகப் பராமரித்த மரங்கள் பிழைக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்ததும் தெரியவந்தது. கலிபோர்னியாவில் 480 புதிய தெரு மரங்களைக் கவனித்த மற்றோர் ஆய்வில், இரண்டே ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கு அழிந்துவிட்டது.

அந்த முதல் சில ஆண்டுகளில் மண்ணுக்குள் அப்படி என்னதான் நடக்கிறது? இதற்கு விடை தெரிந்தால் எப்படிக் காப்பது என்பதும் தானே விளங்கிவிடும்.

பைக்குள் இருந்த உலகம்

நாற்றங்காலில் கன்று ஒரு சிறு பிளாஸ்டிக் பைக்குள் வளர்கிறது. நாள்தோறும் பூவாளியில் தண்ணீர் கிடைக்கிறது. அதன் வேர்கள் முழுவதும் அந்தப் பையின் மண்ணுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன.

வேர் முழுவதும் நீரை ஒரே அளவில் உறிஞ்சுவதில்லை. நுனிக்குச் சற்றுப் பின்னால் மயிரிழைபோல் அரும்பியிருக்கும் வேர்த்தூவிகளே இந்த வேலையில் பெரும்பங்கைச் செய்கின்றன. இவை எத்தனை இருக்கும்? டிட்மர் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், ரை என்னும் தானியச் செடி ஒன்றை ஒரு பெட்டியில் நான்கு மாதம் வளர்த்து, அதன் வேர்களைக் கழுவியெடுத்து அளந்து மதிப்பிட்டார். 1937இல் வெளியான அவருடைய கணக்குப்படி, வேர்களின் மொத்த நீளம் 623 கிலோமீட்டர்! சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் சாலையின் நீளம் ஏறக்குறைய இவ்வளவுதான். வேர்த்தூவிகளோ 1,400 கோடி!

ஆனால் வேர்த்தூவி மிக மென்மையானது. பையைக் கிழித்துக் கன்றை எடுக்கும்போது மண் உதிர்ந்தால், அதோடு ஆயிரக்கணக்கான வேர்த்தூவிகளும் அறுந்துபோகின்றன. நட்ட அன்று கன்றின் இலைகள் முழு அளவில் இருக்கின்றன. நீர் உறிஞ்சும் வாய்களோ குறைந்துவிட்டன.

இலைகள் சும்மா இருக்குமா? அவற்றின் இலைத்துளைகள் வழியே நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. இதை நீராவிப்போக்கு என்று படித்திருக்கிறீர்கள். இங்கிலாந்தின் ஸ்டீபன் ஹேல்ஸ், தொட்டியில் வளர்ந்த மூன்றரை அடி உயரச் சூரியகாந்திச் செடியை, மண்ணிலிருந்து நீர் ஆவியாகாதபடி மூடிவைத்துக் காலையிலும் மாலையிலும் எடைபோட்டார். ஒரு பகலில் சராசரியாக அரைக் கிலோவுக்கு மேல் நீரை அது இழந்தது. 1727இல் வெளியான அவருடைய நூலில் இந்தச் சோதனை விளக்கப்பட்டுள்ளது.

ஒரு செடியே இப்படியென்றால், தார்ச்சாலையின் வெப்பமும் பேருந்து கிளப்பும் காற்றும் நாள் முழுவதும் தாக்கும் தெருவோரக் கன்றின் நிலை என்ன? வரவு குறைவு, செலவு மிகுதி. வேர்கள் பழைய பைமண்ணைத் தாண்டிப் புதிய மண்ணில் பரவி வேரூன்றும்வரை இந்தப் பற்றாக்குறை நீடிக்கும். இரண்டு, மூன்று கோடைகளைக் கன்று கடந்துவிட்டால் பெரும் ஆபத்து நீங்கியது எனலாம். அதுவரை அதற்கு ஆள் துணை வேண்டும்.

ஒரே தண்ணீர், இரண்டு விதம்

"நாங்கள் நாள்தோறும் தண்ணீர் ஊற்றினோம், அப்படியும் பட்டுவிட்டது" என்று சிலர் வருந்துவதுண்டு. எங்கே தவறு? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கன்றைச் சுற்றி 60 செ.மீ. விட்டமுள்ள வட்டப்பாத்தி இருப்பதாகக் கொள்வோம். அதன் பரப்பு ஏறத்தாழ 2,827 சதுர செ.மீ. ஒருவர் நாளுக்கு 3 லிட்டர் வீதம் ஏழு நாளும் ஊற்றுகிறார். மற்றொருவர் வாரத்துக்கு ஒருமுறை 21 லிட்டரையும் சேர்த்து ஊற்றுகிறார். இருவரும் செலவிடும் தண்ணீர் ஒன்றே.

3 லிட்டர் என்பது 3,000 கன செ.மீ. இதைப் பரப்பால் வகுத்தால் நீரின் உயரம் 1 செ.மீ. அளவே. உலர்ந்த மண் தன் கனஅளவில் ஐந்தில் ஒரு பங்கு நீரை ஏற்கும் என்று வைத்துக்கொண்டால், 5 செ.மீ. ஆழம்தான் நனையும். அது வெயில் எட்டும் ஆழம். அடுத்த நாள் மாலைக்குள் அதில் பெரும்பகுதி ஆவியாகிவிடும். வேரும் ஈரத்தைத் தேடி மேலேயே படரும்; ஒருநாள் தண்ணீர் தவறினாலும் வாடிவிடும்.

21 லிட்டரை ஊற்றினால் நீரின் உயரம் 7 செ.மீ.க்குச் சற்று அதிகம். நனையும் ஆழம் 37 செ.மீ. வரை செல்லும். அங்கே வெயிலின் சூடு எளிதில் எட்டாது. ஈரம் பல நாள் தங்கும். வேரும் அதை நாடிக் கீழே இறங்கும்.

ஆகவே விதி இதுதான்: நட்ட முதல் இரண்டு மூன்று வாரம், வேர்ப்பந்து காய்ந்துவிடாதபடி நாள்தோறும் அளவாக ஊற்றுங்கள். அதன்பின் இடைவெளியைக் கூட்டி, ஊற்றும் நாளில் நிறைய ஊற்றுங்கள். பாத்தி நிறைந்ததும் நிறுத்தி, அது வற்றியபின் மீண்டும் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் சாலைக்கு ஓடிவிடும்.

இடைவெளி எத்தனை நாள் என்பதை மண்தான் சொல்லும். சென்னையில் திருவான்மியூர், சாந்தோம் போன்ற கடலோரப் பகுதிகளில் மணற்பாங்கான மண். அதில் நீர் விரைவாக இறங்கிவிடும். வாரம் இரண்டு மூன்று முறை வேண்டும். அண்ணா நகர், பெரம்பூர் பக்கம் களிமண். அது ஈரத்தைப் பிடித்துவைக்கும். கடும் வெயில் இல்லாத நாட்களில் வாரம் ஒருமுறை போதும். களிமண்ணில் அடிக்கடி ஊற்றினால் நன்மைக்குப் பதில் தீமையே விளையும். காரணத்தை இனிப் பார்ப்போம்.

வேரும் மூச்சு விடுகிறது

நல்ல தோட்டத்து மண்ணில் ஏறக்குறைய பாதி வெற்றிடம் என்றால் நம்புவீர்களா? மண் துகள்களுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளிகளில் ஒரு பகுதி நீரும் மறு பகுதி காற்றும் நிறைந்துள்ளன. வேரின் செல்களும் உயிருள்ளவையே. அவை சுவாசிக்க ஆக்சிஜன் தேவை. பகலில் இலை ஆக்சிஜனை வெளியிடுகிறது என்பதால் வேருக்கு அது தானாகக் கிடைத்துவிடாது. பெரும்பாலான மரங்களின் வேர் மண்ணிலுள்ள காற்றைத்தான் நம்பியிருக்கிறது.

இப்போது தெருவோர மண்ணை நினைத்துப் பாருங்கள். சாலை போடும்போது உருளை ஏறி நசுக்கிய மண் அது. அதன்மேல் வண்டிகளை நிறுத்துகிறோம். மணலும் செங்கல்லும் குவிக்கிறோம். இடைவெளிகள் நசுங்கிக் காற்றும் நீரும் புக வழியில்லாமல் போகிறது. நடைபாதை போடுபவர்கள் மரத்தின் அடிவரை சிமெண்டு பூசிவிட்டால் மேலிருந்தும் அடைப்பு. களிமண்ணில் ஓயாமல் நீர் தேங்கினாலும் இதே கதைதான். இடைவெளிகள் எல்லாம் நீரால் நிரம்பி, வேர் மூச்சுத் திணறி அழுகும்.

2013 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் சிமெண்டுப் பூச்சை அகற்றும்படி ஆணையிட்டது. ஒரு மீட்டர் திறந்த மண் என்பது மரத்தின் மூக்கைத் திறந்துவிடுவதற்குச் சமம்.

நீங்கள் செய்யக்கூடியது எளிது. மாதம் ஒருமுறை சிறு களைக்கொத்தினால் பாத்தியின் மேல்மண்ணை இரண்டு விரற்கடை ஆழம் மட்டும் கொத்திவிடுங்கள். ஆழமாகக் கொத்தினால் மேல்வேர் அறுந்துவிடும். பிறகு காய்ந்த சருகுகளை நான்கு விரற்கடை உயரத்துக்குப் பரப்புங்கள். இந்த மூடாக்கு மண்ணின் சூட்டைத் தணிக்கும். ஈரம் ஆவியாவதைக் குறைக்கும். மக்கி உரமாகவும் ஆகும். தெருவில் கூட்டிக் கொளுத்தும் சருகுக்கு இதைவிட நல்ல பயன் உண்டா? ஒரே எச்சரிக்கை: சருகு தண்டைத் தொடக்கூடாது. தொட்டால் பட்டை ஈரத்தில் ஊறி அழுகும்.

காக்க வைத்த கூண்டே கழுத்தை நெரித்தால்?

கூண்டு இல்லாவிட்டால் ஆடும் மாடும் கன்றை விட்டுவைக்காது. ஆனால் கன்று வளர்கிறது, கூண்டு வளர்வதில்லை. சில ஆண்டுகளில் இரும்புக் கம்பி தண்டில் புதைந்துவிடுகிறது. தட்டி கட்டிய கம்பி, விளக்குச் சரம் கட்டிய கயிறு ஆகியவையும் இப்படியே இறுக்குகின்றன.

இதன் தீங்கு உடனே தெரியாது. தண்டின் நடுவே உள்ள சைலம் வேரிலிருந்து நீரை மேலே ஏற்றுகிறது. பட்டைக்கு உட்புறம் ஒட்டியிருக்கும் மெல்லிய புளோயம், இலை தயாரித்த உணவைக் கீழே இறக்குகிறது. 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியரான மால்பீகி ஒரு மரக்கிளையில் வளையம்போல் பட்டையை மட்டும் உரித்துப் பார்த்தார். வளையத்துக்கு மேலே கிளை வீங்கியது; இறங்கிவந்த உணவு அங்கே தங்கிவிட்டது. கம்பி இறுகும்போது நேர்வதும் இதுதான். நீர் மேலே ஏறுவதால் இலைகள் பச்சையாகவே இருக்கும். கீழே வேர் பட்டினி கிடக்கும். வேர் மாண்டபிறகு ஒருநாள் மரம் திடீரென்று காயும். "நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது!" என்று எல்லாரும் வியப்பார்கள்.

எனவே கூண்டு தண்டைத் தொடும் நிலை வருமுன் அதைக் கழற்ற வேண்டும். இதற்கு நீங்களே அரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டாம். பெரியவர்கள் மூலம் மாநகராட்சியின் பூங்காத் துறைக்கு எழுதுங்கள். சணல் கயிற்றையும் விளம்பரத் தட்டியின் கம்பியையும் அவிழ்க்கப் பெரியவர் ஒருவரின் துணை போதும். மின்கம்பிச் சரத்தை மட்டும் நீங்கள் தொடவே கூடாது.

சற்று ஆடட்டும்

கன்று சாயாமலிருக்கக் கழி நட்டுக் கட்டுகிறோம். அசையாதபடி இறுக்கிக் கட்டுவது நல்லதென்று நினைக்கிறோம். 1971இல் நீல், ஹாரிஸ் என்ற இரு அமெரிக்க அறிவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பசுமைக்குடிலில் வளர்ந்த இளமரங்களில் சிலவற்றை நாள்தோறும் 30 விநாடி மட்டும் குலுக்கினார்கள். குலுக்கிய மரங்கள், குலுக்காதவற்றின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வளரவில்லை! காற்றில் அசையும் மரம் உயரத்தைக் குறைத்துக்கொண்டு உறுதியாக வளர்கிறது என்பதைப் பிற்கால ஆய்வுகளும் காட்டின. நம் உடற்பயிற்சியைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே கழியில் கட்டும்போது அகலமான துணி நாடாவால், எட்டு என்ற எண்ணின் வடிவில், தளர்வாகக் கட்டுங்கள். ஓராண்டில் கழியை எடுத்துவிடலாம்.

இதன் அருமை புயல்நாளில் தெரியும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது பல்லாயிரம் மரங்கள் சாய்ந்தன. அவற்றுள் பல, நடுத்தண்டு முறியாமல் வேரோடு பெயர்ந்து கிடந்தன. ஒருபுறம் சிமெண்டு, மறுபுறம் வடிகாலுக்காக வெட்டப்பட்ட வேர், மேலாக மட்டும் படர்ந்த பிடிப்பு என்று நிற்கும் மரம் பெருங்காற்றை எப்படித் தாங்கும்? கன்றுப் பருவத்தில் வேர் எப்படிப் பரவுகிறது என்பதைப் பொறுத்தே பிற்காலத்தில் மரத்தின் உறுதி அமைகிறது.

நாட்காட்டியும் மழையும்

வன மகோத்சவம் 1950இல், அன்றைய உணவு அமைச்சர் கே.எம். முன்ஷியால் தொடங்கப்பட்டது. அது ஜூலை முதல் வாரத்தில் வருகிறது. தென்மேற்குப் பருவமழை நன்கு பெய்யும் பகுதிகளுக்கு அது சரியான காலம். சென்னையிலோ ஆண்டில் பெய்யும் ஏறத்தாழ 1,400 மி.மீ. மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. ஆகையால் இங்கே செப்டம்பர் இறுதியில் நட்டால், கன்று மூன்று மாதம் மழையில் வேர்விட்டு, அதன்பிறகே கோடையைச் சந்திக்கும். ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாளன்று நட்டால் முதல் நாளே வெயிலோடு போராட வேண்டியதுதான். விழாவை அன்று வைத்துக்கொள்ளலாம். குழியை மட்டும் வெட்டிக் குப்பை உரமிட்டு ஆறவிட்டு, மழைக்கு முன் நடலாமே!

இன்னொரு நாட்காட்டியும் உண்டு. அது உங்களுடையது. மார்ச், ஏப்ரலில் ஆண்டுத் தேர்வு. மே மாதம் விடுமுறை. பள்ளி மாணவர்கள் நட்ட கன்றுகளுக்குச் சோதனைக் காலமும் சரியாக அதுதான். கன்று மிகவும் தண்ணீர் கேட்கும் நேரத்தில் நட்டவர்கள் பரீட்சையில் இருக்கிறார்கள். அதன்பின் ஊருக்குப் போய்விடுகிறார்கள். விழாவில் நட்ட கன்றுகள் ஜூனில் குச்சியாவதற்கு இதுவும் ஒரு முக்கியமான காரணம்.

இதைச் சமாளிக்க முடியாதா? முடியும். பத்துக் கன்றுகளுக்குப் பத்து மாணவர் என்றால், இப்போதே இருவர் இருவராகச் சேர்ந்துகொள்ளுங்கள். ஒருவர் ஊருக்குப் போகும் வாரத்தில் மற்றவர் இருக்க வேண்டும். கன்றுக்கு எதிரே குடியிருப்பவரையோ கடைக்காரரையோ மூன்றாவது ஆளாகச் சேருங்கள். "ஐயா, நான் வரும்வரை வாரம் இரண்டு முறை ஒன்றரைக் குடம் ஊற்றுவீர்களா?" என்று கேட்டால் மறுப்பவர் குறைவு. குடிநீரை வீணாக்கவும் வேண்டாம். அரிசி களைந்த நீரும் காய்கறி கழுவிய நீரும் போதும். சோப்பு நீரும் சுத்திகரிப்புக் கருவி கழிக்கும் உப்பு நீரும் மட்டும் ஆகாது.

கர்நாடகத்தின் சாலுமரத திம்மக்காவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவரும் அவர் கணவரும் ஹுலிகல், கூதூர் ஆகிய ஊர்களுக்கு இடையே சாலையோரம் நூற்றுக்கணக்கான ஆலங்கன்றுகளை நட்டு மரமாக்கினார்கள். இந்தப் பணிக்காக 2019இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவர்கள் செய்த பெரிய வேலை நட்டது மட்டுமன்று. குடம் குடமாகத் தண்ணீர் சுமந்ததும், மாடு மேயாமல் முள்வேலி கட்டியதும்தான்.

செய்து பாருங்கள்

1. நிறமற்ற பிளாஸ்டிக் பை ஒன்றைக் காலையில் வெயிலில் உள்ள இலைக்கொத்தின்மேல் கவிழ்த்து வாயைக் கட்டுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துப் பைக்குள் சேர்ந்த நீரைப் பாருங்கள். அதுதான் நீராவிப்போக்கு. பார்த்ததும் பையை எடுத்துவிடுங்கள்.

2. தண்ணீர் ஊற்றிய மறுநாள், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒரு மெல்லிய கம்பியை மெதுவாக மண்ணில் செருகுங்கள். ஈரமண்ணில் எளிதாக இறங்கும். உலர்ந்த மண் வந்ததும் தடைபடும். ஈரம் எத்தனை செ.மீ. ஆழம் சென்றது என்று அளந்து, மேலே போட்ட கணக்கோடு ஒப்பிடுங்கள்.

3. உங்கள் தெருவின் கூண்டுகளுக்கு வரிசை எண் கொடுத்து ஒரு நோட்டில் எழுதுங்கள். மரத்தின் பெயர், தண்டின் சுற்றளவு, திறந்த மண்ணின் அகலம், தண்ணீர் ஊற்றுபவர் உண்டா இல்லையா ஆகியவற்றைக் குறியுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் பாருங்கள். நியூயார்க்கில் 13,405 மரங்களுக்குச் செய்ததை நீங்கள் 20 மரங்களுக்குச் செய்கிறீர்கள், முறை ஒன்றுதான்.

அந்த நோட்டில் "காய்ந்துவிட்டது" என்று எழுத நேர்ந்தால் ஏன் என்று ஆராய்ந்து எழுதுங்கள். தாகமா, சிமெண்டா, கம்பியா, மாடா? காரணம் தெரிந்தால் அடுத்த கன்றைக் காக்கலாம். இன்று ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் நீங்கள் பன்னிரண்டாம் வகுப்பு முடிப்பதற்குள் மூன்று கோடைகள் வந்து போகும். ஒரு கன்றுக்குத் தேவைப்படுவதும் அந்த மூன்று கோடைகள்தான்.